டாக்டருக்குப் போட்ட இலை

என் கணவருக்குத் தொழில் சாப்பிடுவது. சிரிக்க வேண்டாம். ஊரில் அவனவன் சாப்பாட்டுக்காக வேலை பார்க்கிறான். இவருக்குச் சாப்பாடே வேலை. செத்துப்போன அப்பனுக்கும் அம்மாவுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் திதி கொடுக்கிறார்கள் அல்லவா, அன்றைக்கு அந்தப் பித்ருக்களின் இடத்தில் ஒரு பிராமணரை உட்கார வைத்து இலை போடுவார்கள். பிராமணார்த்தம் என்று அதற்குப் பெயர். மதுரையில் எங்கள் தல்லாகுளத்திலிருந்து வைகை ஆற்றைத் தாண்டிப் போனால் மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் இவர் போய் உட்காராத வீடு குறைவு.

அந்தச் சாப்பாட்டைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. மிளகும் நெய்யுமாகச் சமைத்த கறிகள், வடை, அதிரசம், எள்ளுருண்டை, பாயசம், திரட்டுப்பால், கெட்டித் தயிர். போட்டதை ஒதுக்கினால் வந்திருக்கும் பித்ரு அரை வயிற்றோடு திரும்பிப் போவார் என்பது நம்பிக்கை. பலபேர் ஒப்புக்குக் கொறித்துவிட்டு, தட்சிணையை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. யாருக்காக வந்திருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடி நினைத்துக்கொண்டு, இலையில் விழுந்ததையெல்லாம் மனசாரச் சாப்பிடுவார். "அனந்தராமன் சாப்பிட்டா எங்கப்பாவே சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் இவருக்குப் பெருமை தாங்காது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் இவருக்கு ஒரு தாகம் வந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்; குடித்த சூட்டோடு கொல்லைப்பக்கம் போவார். இத்தனை நெய்யும் வெல்லமும் உள்ளே போயும் உடம்பு தேங்காய் நாராகத் தேய்ந்தது. சித்திரை வெயிலில் வைகை மணலில் நடந்து குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. சித்திரை போய் ஆனியும் போனது, அது ஆறவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டர் சுந்தரேசய்யரிடம் அழைத்துப் போனேன். அவர் டிஸ்பென்சரி எங்கள் தெரு முனையில்தான் இருந்தது.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, இவருடைய சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"அத்தனையும் சர்க்கரை ஓய். இந்தப் புண்ணு ஆறாததுக்கும் அதுதான் காரணம். இப்படியே விட்டா காலுக்கு ஆபத்து, அப்புறம் ஆளுக்கே ஆபத்து" என்றார்.

இவர் அசரவில்லை. "டாக்டர், நான் ஆத்துல சாப்பிடறது ஒரு பிடி மோர் சாதம். மத்ததெல்லாம் ச்ராத்தத்துல சாப்பிடறது. அது என் உடம்புல சேராது. நேரே பித்ருக்களுக்குப் போயிடும்."

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். ஒரு ஊர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அதில் ஒரு பருக்கைகூடத் தன்னுடையது இல்லை என்று நினைக்க அவரால்தான் முடியும்.

டாக்டர் சிரிக்காமல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பித்ருக்கள் சாதத்தை எடுத்துண்டு சர்க்கரையை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கா போலிருக்கே."

அப்புறம் என் பக்கம் திரும்பி விவரமாகச் சொன்னார். ஊசி மருந்து ஒன்று பட்டணத்தில் கிடைக்கிறது, அது நமக்கு எட்டாது, இப்போதைக்குத் தேவையும் இல்லை. அரிசியையும் வெல்லத்தையும் மறந்துவிட வேண்டும். தவிடு போக்காத கோதுமை, கம்பு, கேழ்வரகு, காலையில் ஊறவைத்த வெந்தயம், கீரை, பாகற்காய். அதுவும் அளவோடு. "இது குணமாகிற வியாதி இல்லை. வெறிநாயைக் கட்டிப்போடற மாதிரி கட்டித்தான் வைக்கணும். அவுத்து விட்டா கடிக்கும்." சொல்லிவிட்டுத் தன் டிபன் காரியரைத் திறந்து காட்டினார். கோதுமை ரொட்டியும் கீரையும் இருந்தன. அவருக்கும் அதே வியாதி. பல வருஷமாக அதே சாப்பாடு.

"சாப்பிடாதேங்கறேள். என் தொழிலே அதுதானே" என்றார் இவர்.

"அதை விடும். நாளையிலேர்ந்து இங்கே வாரும்."

இப்படித்தான் ஊரார் வீட்டுப் பித்ருக்களை விட்டுவிட்டு இவர் டிஸ்பென்சரிக்கு வேலைக்குப் போனார். மருந்துப் புட்டியில் வேளைக்கு எவ்வளவு என்று அடையாளம் தெரிய, காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்ட வேண்டும். அழகாக வெட்டுவார்.

கம்பு என்றால் அதுவரை நான் கையால் தொட்டதில்லை. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வரும் சீனியம்மாளிடம் கேட்டபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, மாடு கன்னு வாங்கிருக்கீகளா?"

"மாட்டுக்கு இல்லை. எங்காத்து மாமாவுக்குத்தான்."

"நெல்லுச்சோறு திங்கிற சாமிக்குக் கம்பா? எங்க வீட்ல நல்ல நாளு பொழுதுலதான்மா நெல்லுச்சோறு. பேசாம ரெண்டு வீடும் மாத்திக்கிருவமா?" என்று சிரித்தாள். ஆனாலும் கொல்லைப்பக்கம் வந்து தண்ணீர் தெளித்து இடித்துப் புடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். "வியாழக்கெழமை வாரேன்மா, அம்புட்டையும் ஒரே நாள்ல ஆக்கிப்புடாதீக" என்று சொல்லிப் போனாள். பட்டு ஆத்தில் கம்பு இடிக்கிறாள் என்று என்னைப் பற்றித் தெருவில் செய்தி பரவிற்று. கருவாடு வறுத்திருந்தால்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் இவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளினார். "தொண்டையைக் கீறிண்டு போறதுடி" என்றார். நான் மோரை ஊற்றினேன். கோதுமைக் கஞ்சிக்கு ஒரு சண்டை, வெந்தயத்துக்கு ஒரு சண்டை. ஆனால் நாளாக ஆகக் கம்பஞ்சோற்றில் மோரும் சுண்டைக்காயும் இருந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். தாகம் அடங்கிற்று. குதிகால் புண் காய்ந்து உதிர்ந்தது. ஒருநாள் மத்தியானம் வேகமாக வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு மருந்து நிறமே மாறலை பட்டு, நீலமாவே இருந்தது" என்றார். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி இருந்தது முகம். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அந்தக் காலம்தான் நல்ல காலம். வைத்தியரும் நோயாளியும் மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கீரையை ஒருவர் ருசி பார்ப்பார்கள்.

டாக்டர் வீட்டு மாமிக்குத்தான் அது பிடிக்காது. "தீபாவளிக்குக்கூட ஒரு விள்ளல் திரட்டுப்பால் வாயில போட்டுக்க மாட்டேங்கறார். நான் கல்யாணமாகி வந்த புதுசுல எப்படிச் சாப்பிடுவார் தெரியுமோ. ஆசையாப் பண்ணிப் போட எனக்குக் கொடுத்து வைக்கலை" என்று என்னிடம் அழுவாள்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம் ஐப்பசியில், க்ஷவரம் செய்துகொள்ள உட்கார்ந்த டாக்டர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். சர்க்கரையைக் கட்டிப்போட்டவரை இருதயம் கொண்டுபோய்விட்டது. டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள். பம்பாயில் வேலையிலிருந்த பிள்ளை சீதாராமன் வந்து காரியங்களைச் செய்தான். முதல் வருஷம் மாதாமாதம் மாசிகம் உண்டு, வருஷ முடிவில் ஆப்தீகம் உண்டு. அத்தனைக்கும் பித்ரு இலையில் ஒருவர் உட்கார வேண்டும்.

மாமி இவரைத்தான் கேட்டாள். "அவருக்கு உங்க மேல அத்தனை பிரியம். வேற யாரோ வந்து உக்காந்தா எனக்கு அவர் மாதிரி தோணாது. வருஷக்கணக்கா வாயைக் கட்டிண்டு கிடந்தார். போன இடத்துல வியாதி ஏது? இனிமேலாவது அவர் சாப்பிடட்டும்."

அவள் கெட்டவள் இல்லை. எதிரில் நிற்பவருக்கும் அதே வியாதி என்பது அவள் கண்ணில் படவில்லை. புருஷன் மட்டும்தான் தெரிந்தார். இவரோ உடனே தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "எதைத் தொடாதேன்னு அவர் சொன்னாரோ அதையே அவர் பேரைச் சொல்லிச் சாப்பிடப் போறேளா?"

"மத்தவாளுக்குச் சாப்பிட்டது தொழில். இது அவருக்கு. நான் மாட்டேன்னா அவர் பசியோட நிப்பார் பட்டு. அதோட அங்கே உக்காரப்போறது நானா? அவர்தானே."

"குழாயைக் காட்டினாரே, மறந்துடுத்தா?"

"அவர் வைத்தியம் படிச்சவர். சாஸ்திரம் படிக்கலை" என்றார். செத்துப்போனவரைக் கெட்டிக்காரத்தனமாக மடக்கிவிட்டதாக நினைப்பு.

மாசிகத்துக்கு ஆசாரமாக மடிச் சமையல் செய்ய மாமி என்னையே கூப்பிட்டாள். நான் போகாவிட்டால் வேறு யாரோ செய்யப் போகிறார்கள். நான் இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். பாயசத்தில் வெல்லத்தைக் குறைத்துப் போட்டால் மாமி ருசி பார்க்காமலே நிறத்தைப் பார்த்து, "இன்னும் போடு பட்டு, அவருக்குத் தித்திப்பா இருக்கணும்" என்பாள். சீதாராமன் ஒவ்வொரு தடவையும் பம்பாயிலிருந்து ரயிலேறி வந்து ஈர வேஷ்டியோடு பரிமாறுவான். இவர் கண்ணை மூடி நினைத்துக்கொண்டு, டாக்டர் பல வருஷமாகச் சாப்பிடாததையெல்லாம் சாப்பிடுவார். மாமி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அதோடு நின்றிருந்தால்கூட உடம்பு தாங்கியிருக்கும். டாக்டர் ஆத்தில் உட்கார்ந்தீரே, எங்காத்துக்கு மட்டும் வரமாட்டீரா என்று பழைய வீடுகள் கேட்டு வந்தன. டிஸ்பென்சரி வேலையும் இல்லை. மறுத்துச் சொல்ல வாயும் இல்லை. புரட்டாசி மஹாளய பட்சத்தில் தினமும் ஒரு வீடு. மற்ற நாட்களில் நான் கம்பும் கோதுமையும் போட்டு என்ன? ஒரு கையால் கட்டியதை ஊரே சேர்ந்து அவிழ்த்தது. குழாயில் நிறம் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. பழைய தாகம் திரும்பி வந்துவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் வாசற்படியில் தடுக்கிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. "வலிக்கவே இல்லை பட்டு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டேன். சில நாளில் விரல் கறுத்தது. கறுப்பு மேலே ஏறிற்று. நாற்றம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"போனா காலை எடுத்துடுவான். அங்கஹீனம் ஆயிட்டா இலையில உக்காரக் கூடாது. டாக்டருக்கு ஆப்தீகம் அடுத்த வாரம். அதை முடிச்சுக் குடுத்துட்டு நானே வரேன்."

"ரணம் இருந்தாலும்தான் உக்காரக் கூடாது."

"தெரியும்" என்றார். வாழ்நாளில் ஒரு விதியை மீறாத மனுஷன், டாக்டருக்காகத் தெரிந்தே ஒன்றை மீறத் துணிந்துவிட்டார்.

நான் அவரைத் தடுக்கவில்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. இலைக்கு உட்காருமுன் வந்தவரின் காலை, திதி கொடுக்கும் எஜமானன் தன் கையால் கழுவ வேண்டும். சீதாராமன் கழுவுவான், பார்ப்பான், டாக்டர் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாமல் போகாது. அங்கேயே நின்றுவிடும் என்று நம்பினேன்.

ஆப்தீகத்தன்று அடுக்களை வாசலில் நின்றுகொண்டு பார்த்தேன். இவர் காலில் விபூதியைக் குழைத்துப் பூசியிருந்தார். சீதாராமன் குனிந்து சொம்புத் தண்ணீரை ஊற்றினான். விபூதி கரைந்தது. அவன் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து இவரைப் பார்த்தான். இவர் கைகளைக் குவித்தார். கெஞ்சுகிற கை அது. சீதாராமன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் திரட்டுப்பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள்.

அவன் மறுபடி குனிந்தான். மெதுவாக, நோகாமல், அந்தக் காலைக் கழுவினான். தன் மேல்வேஷ்டியால் ஒற்றித் துடைத்தான். நமஸ்காரம் பண்ணி எழுந்தான். காரியத்தை நடத்திவைத்த வாத்தியார் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

சொல்லுடா, சொல்லுடா என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவன் சொல்லவில்லை. எல்லாருக்கும் செத்தவர் மேல்தான் இரக்கம். இருக்கிறவருக்கு யாரும் இல்லை. நான் அடுக்களையை விட்டு வெளியே வந்தேன்.

"அவர் கால்ல ரணம் இருக்கு. அழுகிண்டிருக்கு. அவர் உக்காரக் கூடாது" என்றேன்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓய், உமக்குத் தெரியாததா இது? ரணத்தோட வந்து நிக்கலாமா?" என்றார். இவர் தலை தொங்கிற்று. இனி மதுரையில் எந்த வீடும் இவரைக் கூப்பிடாது என்று அந்த நிமிஷமே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி பண்ணிட்டே பட்டு. அவர் வாசல்ல வந்து நிக்கறாரேடி, பசியோட."

அந்த வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு ஆளைத் தேடி அலைவார்கள், உச்சி நேரம் தப்பும், இந்த வீட்டுக் காரியத்தைக் கெடுத்த பாவம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஒன்றும் பதறவில்லை.

"அழாதீங்கோ. இந்நேரத்துக்கு ஆள் கிடைக்கமாட்டா. கூர்ச்சம் போட்டுடலாம். சாஸ்திரத்துல இடமிருக்கு."

பையிலிருந்து தர்ப்பைப் புல்லை எடுத்தார். விரலில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். பலகையில் வைத்தார். அதைத்தான் டாக்டராக நினைத்துக் கூப்பிட்டார்கள். அதற்கு இலை போட்டார்கள். சாதம், வடை, அதிரசம், திரட்டுப்பால், நான் காய்ச்சிய பாயசம் எல்லாவற்றையும் அந்தப் புல்லுக்கு முன்னால் பரிமாறினார்கள். திருப்தியா என்று சீதாராமன் கேட்டதற்குப் புல்லின் சார்பில் வாத்தியாரே திருப்தி என்றார். மாமி கதவோரம் நின்று, மாதாமாதம் துடைத்துக்கொண்டது போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் மனசு சமாதானமாகிவிட்டது. ஒரு பிடி புல் போதும் என்று இந்த வாத்தியார் ஒரு வருஷம் முன்னால் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

இவர் கூடத்து மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிண்டம் போட்டு முடித்த கையோடு சீதாராமன் ஜட்கா கொண்டுவந்தான். வழியெல்லாம் என் முகத்தை அவன் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது, எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

கோதுமைக் கஞ்சி வைத்துக் கொண்டுபோய் ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "பட்டு" என்றார்.

"என்னன்னா?"

"புல்லு போறும்னா என்னை எதுக்கு அத்தனை பேர் கூப்பிட்டா? நான் சாப்பிட்டதெல்லாம் யாருக்குப் போச்சு?"

டாக்டர் இருந்திருந்தால் கேலியாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். "பேசாம கஞ்சியைக் குடிங்கோ" என்று மட்டும் சொன்னேன். குடித்தார். அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டார். ஊரிலுள்ள தகப்பன்மார் எல்லாருக்கும் சாப்பிட்டவர், எனக்காக ஒரு பத்து வருஷம் கம்பு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அவருக்கு முதல் மாசிகம் வந்தது. இவர் தம்பியின் பிள்ளை கர்மம் செய்ய வந்தான். அதே வாத்தியார்தான். சோழவந்தானிலிருந்து ஒருவரைப் பித்ரு இலைக்கு அழைத்து வந்திருந்தார். வாசலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனுஷருக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்காது.

"ஆத்துல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆம்படையாளும் ரெண்டு குழந்தைகளும், மாமி" என்றார்.

உள்ளே போய் வாத்தியாரிடம், "புல்லையே போட்டுடுங்கோ" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "மனுஷா கிடைக்காத சமயத்துக்குத்தான் அம்மா புல்லு. நன்னா சாப்பிடறவராப் பார்த்துக் கூட்டிண்டு வந்திருக்கேன்."

"கிடைக்கலைன்னு வெச்சுக்கோங்கோ."